எண்ணெய், வெயில், காற்று: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் வயரிங் வேலை செய்கிறேன். சில வருடங்களாக சோலாரும் பூட்டுகிறேன். நான் கூரையில் நிற்கும்போது கீழே நின்று ஐயாமாரும் அக்காமாரும் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சோலாரில் எனக்கு வருமானம் இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மண்ணெண்ணெய் விலை எங்களை மட்டும் ஏன் இவ்வளவு அடிக்கிறது?

கொழும்பில் மண்ணெண்ணெய் என்றால் கரண்ட் போனால் கொளுத்துகிற விளக்கு. இங்கே அதுதான் தண்ணீர். கச்சான், மிளகாய், வெங்காயம், பயிற்றை எதுவானாலும் மேட்டுக்காணியில் கிணற்றை நம்பித்தான் நிற்கிறது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுகிற தண்ணி மிசின்தான் எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது. கடலோரத்தில் அதே எண்ணெய் படகு எஞ்சினுக்குப் போகிறது.

எங்கள் வீட்டு இரண்டு அங்குல மிசின் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் அளவில் குடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு மணித்தியாலம் வீதம் மூன்று மாதம் இறைத்தால் 180 லீற்றர். 2022 ஓகஸ்ட் வரை ஒரு லீற்றர் 87 ரூபாய். அப்போது அந்தத் தண்ணீருக்குச் செலவு 15,660 ரூபாய். அந்த மாதம் ஒரே இரவில் விலையை 340 ஆக்கினார்கள். அதே கிணறு, அதே வாய்க்கால், செலவு 61,200 ரூபாய். பிறகு விலை இறங்கி 2025 இல் 180 ரூபாயைச் சுற்றி நின்றபோது 32,400. விளைந்ததைச் சாக்கில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால் அங்கே விலை இப்படி நான்கு மடங்கு ஏறிக் கிடக்கவில்லை.

87 ரூபாய் என்பதும் அரசு நட்டத்தில் விற்ற விலைதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் எண்ணெய் எடுக்கப்படுவதில்லை, எல்லாமே டொலர் கொடுத்து வாங்குவது. டொலர் முடிந்ததும் 2021 டிசம்பரில் 121 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ஆனது. மண்ணெண்ணெய்க்கு மட்டும் அந்த அடி இரண்டு மாதம் பிந்தி விழுந்தது. கமக்காரருக்கும் கடற்தொழிலாளருக்கும் நிவாரணத்தை முதலில் கையில் கொடுத்துவிட்டு விலையை ஏற்றியிருக்கலாம். ஏற்றிவிட்டுப் பிறகு நிவாரணம் பற்றிப் பேசியதைத்தான் என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பொருளாதாரத் தடையையே கண்ட ஆட்கள் நாங்கள். 2022 எல்லாம் ஒரு பெரிய விசயமா, தம்பி?

இதை ஒரு ஐயா என்னிடம் கேட்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1990 இல் தொடங்கிய, எண்ணெயும் பற்றறியும் இந்தப் பக்கம் வர விடாத தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் ஒரு சொட்டு எண்ணெயும் வீணாகாமல் படித்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். எங்கள் பல கிராமங்களுக்குக் கரண்ட் வந்ததே 2009 க்குப் பிறகுதான்.

ஆனால் ஐயா, அப்போது வாழ்க்கை எண்ணெயில் இவ்வளவு தங்கியிருக்கவில்லை. மாடு உழுதது, துலா இறைத்தது, சூடு மிதித்ததும் மாடுதான். இன்றைக்கு உழவுக்கு லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின், வெட்டுக்கு மெசின், இறைப்புக்கு மிசின், நெல் ஏற்ற லொறி. 2022 இல் பெற்றோல் செட்டடியில் வரிசையில் இரண்டு நாள் கிடந்தவன் வயலுக்குப் போகவில்லை, கூலிக்கும் போகவில்லை. துலாவுக்குத் திரும்பிப் போக யாராலும் முடியாது. போகச் சொல்லவும் எனக்கு மனம் இல்லை.

சோலார் பம்ப் உண்மையில் சரிவருமா?

கிணற்று இறைப்புக்குச் சரிவரும். நான் வேலை செய்கிற எல்லாவற்றிலும் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். காரணம் எளிது. தண்ணீர் தேவைப்படுவது வெயில் எறிக்கிற காலத்தில். பம்ப் நன்றாக ஓடுவதும் அப்போதுதான். மாரியில் வானம் மூடிக் கிடக்கும்போது பம்ப் சோர்ந்து போகும், ஆனால் அப்போது யாருக்குத் தண்ணி மிசின் வேண்டும்? பற்றறியும் தேவையில்லை. கரண்டைச் சேமிப்பதற்குப் பதிலாகத் தண்ணீரைச் சேமிக்கலாம்: உயரமாக ஒரு தாங்கி வைத்து, பகல் முழுக்க மெதுவாக நிரப்பிவிட்டு, பின்னேரம் திறந்துவிடுங்கள்.

பிழைத்த கதையும் சொல்கிறேன். எங்கள் வீட்டிலேயே அப்பா பூட்டிய முதல் சோலார் பம்ப் ஒரு மாரியைக்கூடத் தாண்டவில்லை. பம்பை ஓட்டுகிற கொன்றோலர் பெட்டியை வேலித் தூணில் திறந்தபடி மாட்டிவிட்டுப் போனார்கள், எர்த்தும் ஒழுங்காக அடிக்கவில்லை. ஐப்பசியில் விழுந்த ஒரு மின்னலோடு எல்லாம் முடிந்தது. விற்ற நிறுவனத்துக்கு எத்தனையோ முறை போன் எடுத்தோம். பிறகு அந்த இலக்கமே வேலை செய்யவில்லை. அப்பா திரும்பவும் மண்ணெண்ணெய்க்குப் போனார். நான் இந்த வேலையைப் படித்ததே அதற்குப் பிறகுதான். ஆகவே கொன்றோலர் கூரைக்குக் கீழே இருக்கட்டும், எர்த் கம்பி ஈர மண்ணில் இறங்கட்டும், மின்னல் தடுப்பான் கட்டாயம் இருக்கட்டும், உத்தரவாதத்தை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று என்னைக் கவலைப்படுத்துகிறது. மண்ணெண்ணெய் விலை கூடியபோது தண்ணீர் தானாகவே மிச்சமானது, காசு போகிறது என்று மிசினை நிறுத்தினோம். வெயிலுக்குக் காசில்லை. காலையிலிருந்து பின்னேரம் வரை இறைத்துக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தால் கிணறு தாங்காது. பூநகரி, மன்னார்ப் பக்கம் கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. அளவுக்கு மீறி இழுத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். ஏறினால் அந்தக் கிணறு ஒரு மழையில் திருந்தாது. அங்கே சின்னப் பம்பும் சொட்டு நீரும் போதும். பெரியது வேண்டும் என்று கேட்டவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக் கூரையில் பூட்டினால் கரண்ட் பில் இல்லாமல் போகுமா?

உங்கள் பில்லைப் பொறுத்தது. ஒரு கிலோவாற் பனல் எங்கள் வெயிலுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிற் அளவில் தரும், மாரியில் குறையும். மாதம் 50, 60 யூனிற் பாவிக்கிற வீட்டுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடன் எடுத்துப் பூட்டினால் வட்டி பில்லை விடப் பெரிதாக வரும். அரிசி ஆலை, ஐஸ் கடை, குளிரூட்டி ஓடுகிற கடைகளுக்கு நல்லது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 சதவீதம் என்று கட்டணத்தை ஏற்றியபோது அவர்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள்.

பலருக்குத் தெரியாத விசயம்: பொது மின் லைனோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு உங்கள் வீட்டிலிருந்து கரண்ட் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இருட்டிலும் வெளிச்சம் வேண்டும் என்றால் பற்றறியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் வேண்டும், செலவு கூடும்.

சோலார் கூடிவிட்டது, நிறுத்துங்கள் என்று 2025 இல் சொன்னார்களே?

சொன்னார்கள். அந்த வருடம் பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகலில் நாடு முழுக்க இருண்டது, கூரைச் சோலார் கூடியதும் ஒரு காரணம் என்றார்கள். ஏப்ரலில் வருடப்பிறப்பு விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டியிருந்தபோது, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். பகலில் கரண்ட் தேவையை விடக் கூட வருகிறது. பொழுதுபட்டதும் திடீரென்று இல்லாமல் போகிறது. இதைச் சமாளிக்கப் பெரிய பற்றறிகள் லைனில் வேண்டும், பகல் கரண்ட் மலிவாக வேண்டும். வெயில் நேரத்தில் யூனிற் விலையைக் குறைத்தால் கமக்காரர் பகலில் மோட்டார் போட்டு இறைப்பார்கள், கூடிப்போன கரண்ட் வயலுக்குப் போகும். இதைச் செய்யாமல் நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்வது அறுவடையைக் களத்திலேயே கொட்டிவிடச் சொல்வது மாதிரி.

காற்றாலை நல்லது என்கிறார்கள். பிறகு மன்னார்ச் சனம் ஏன் தெருவில் இருந்தது?

பளைக்குப் போகிற வழியில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சோழகம் தொடங்கினால் வைகாசி முதல் புரட்டாசி வரை எங்கள் மேற்குக் கரையில் காற்று ஓயாது. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி என்று 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற், 2020 டிசம்பரில் திறந்தார்கள். அதற்குப் பிறகு மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாற் போட அதானி நிறுவனம் வந்தது. யூனிற்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று விலை பேசப்பட்டது. விலை கூட என்று எதிர்ப்பு, பறவைகளுக்காக நீதிமன்றத்தில் வழக்கு, ஆட்சி மாற்றம், விலையைத் திரும்பப் பேச முயற்சி என்று போய், 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே வருடம் ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கான சாமான்கள் தீவுக்குள் வந்தபோது சனம் வீதிக்கு இறங்கியது.

அவர்களை அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று எழுதினார்கள். மன்னார் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் அப்படி எழுத மாட்டார். ஒடுங்கலான, தாழ்ந்த மணல் தீவு. கோபுரத்துக்கு ரோட்டு போட்டு மண்ணை உயர்த்தினால் மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் வீடுகளுக்குள் நிற்கிறது என்கிறார்கள். கரையில் வலை போடுகிறவர்கள் மீன் விலகிப் போய்விட்டது என்கிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வருகிற பறவைகள் அந்த வழியால்தான் இறங்குகின்றன. அருகே வங்காலை 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளது என்று பட்டியலிட்ட ஈரநிலம். இவ்வளவுக்கும் நடுவே அவர்களுக்கு வருகிற கரண்ட் பில் மற்ற எல்லோருக்கும் வருகிற அதே பில்தான்.

எனக்குக் காற்றாலை வேண்டும். அதை அந்த ஊரோடு இருந்து பேசி, தண்ணீர் ஓடுகிற வழி, பறவை இறங்குகிற இடம், வீட்டுக்கும் கோபுரத்துக்கும் இடைவெளி எல்லாம் பார்த்து, ஊருக்கு ஒரு பங்கும் எழுதி வைத்துச் செய்ய வேண்டும். தீவுக்குள் நெருக்குவதை விடப் பெருநிலத்தில் ஆளில்லாத இடங்களைப் பார்க்கலாம். திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரை நினைத்துப் பாருங்கள். 2006 இல் சனம் இடம்பெயர்ந்த மண்ணில் நிலக்கரி ஆலை என்று திட்டம் போட்டார்கள், 2016 இல் அது கைவிடப்பட்டது, இப்போது அங்கே 120 மெகாவாற் சோலார் வருகிறது. நிலக்கரிப் புகையை விட ஆயிரம் மடங்கு நல்லதுதான். ஆனாலும் யாருடைய காணி என்ற கேள்வியைச் சோலார் அழித்துவிடாது.

மன்னார்க் கடலுக்குள் காஸ் இருக்கிறதாமே, அதை எடுத்தால் எல்லாம் தீராதா?

2011 இல் துளை போட்டுக் கண்டுபிடித்தார்கள். இன்னும் ஒரு அடுப்புக்கும் வரவில்லை. அதை நம்பி இந்தப் போகத்துக்குத் திட்டம் போட முடியாது.

காலநிலை மாறுகிறதற்கு நாங்களும் காரணமா? எங்கள் மிசின் புகையாலா வெள்ளம் வந்தது?

இதை ஒரு அக்கா வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவிக்கொண்டே கேட்டா. குரலில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே அந்தக் கேள்வியால்தான்.

கணக்கைப் பாருங்கள். மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் எரிந்தால் பூமியைச் சூடாக்குகிற காபனீரொட்சைட்டு வாயு இரண்டரைக் கிலோ அளவில் வரும். மேலே சொன்ன 180 லீற்றருக்கு 450 கிலோ, அரைத் தொன்னும் இல்லை. ஒரு குடும்பத்தின் மூன்று மாத இறைப்பு முழுவதும் அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு ஆளின் பங்கு வருடத்துக்கு 14 தொன் அளவு. அதாவது எங்கள் ஒரு போகத் தண்ணீரின் புகையை அங்கே ஒரு ஆள் பன்னிரண்டு நாளில் முடித்துவிடுவார். உலகச் சராசரி 4.7 தொன்னைச் சுற்றி நிற்கிறது. இலங்கையில் சராசரி ஆளுக்கு ஒரு தொன்தான். அதிலும் வன்னி ஆளின் பங்கு கொழும்பு ஆளின் பங்கை விட எவ்வளவு குறைவாக இருக்கும் என்பதை எங்கள் வீடுகளைப் பார்த்தாலே தெரியும்.

காபனீரொட்சைட்டு மாதக் கணக்கில் மறைகிற புகை இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் வானத்தில் தங்கும். அதனால் இன்று யார் எரிக்கிறார் என்பதோடு, தொடக்கத்திலிருந்து யார் எரித்தார் என்பதும் பொறுப்புக் கணக்கில் வரும். இதுவரை எரிந்ததில் கால் பங்கு அமெரிக்காவினுடையது. ஐரோப்பிய நாடுகள் அதற்கு அடுத்து. இன்றைய வருடக் கணக்கில் சீனா மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. ஜாம் போத்தல் விளக்கில் எங்கள் பிள்ளைகள் படித்த அந்த வருடங்களும் இதே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. எங்கள் பக்கம் அநேகமாக வெறும் தாள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு ஒன்றல்ல என்று 1992 இல் ஐநா காலநிலை உடன்படிக்கையிலேயே எழுதினார்கள். 2009 இல் பணக்கார நாடுகள் 2020 இலிருந்து வருடம் 10,000 கோடி டொலர் தருவதாகச் சொன்னார்கள். அந்தத் தொகையை எட்டியது 2022 இல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். வெள்ளம் வந்தவனுக்குக் கடன் கொடுப்பதை உதவி என்று எழுதுவது நியாயம் இல்லை. கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் கையை விரித்த நாடு இது. அதே வருடக் கடைசியில் உலக நாடுகள் எகிப்தில் கூடி, இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதியம் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும், காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு கேட்கவும் இடமுண்டு என்று ஆலோசனைக் கருத்துச் சொன்னது. வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு விடாமல் தட்டித்தான் அந்தக் கதவு திறந்தது.

ஆகவே அக்கா, வெள்ளம் உங்கள் மிசினால் வரவில்லை.

அப்படியென்றால் எல்லா வெள்ளத்துக்கும் காலநிலைதான் காரணமா?

இல்லை, இதில் கவனமாக இருக்க வேண்டும். காற்று ஒரு பாகை சூடானால் ஏழு சதவீதம் அளவுக்குக் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், அதனால் கொட்டுகிற மழை பலமாகக் கொட்டுகிறது. 2016, 2017 இல் குளங்கள் வெடித்துக் கிடந்தன. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நேரம், குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் விறைத்துச் செத்தன. 2025 நவம்பரில் தித்வா புயல் நாடு முழுக்க 600 பேருக்கு மேல் கொண்டுபோனது.

ஆனால் 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து கிளிநொச்சி மூழ்கியபோது, கதவை ஏன் முன்கூட்டித் திறக்கவில்லை என்று சனம் கேட்டது, விசாரணையும் வைத்தார்கள். அந்தக் கேள்வி சரியானது. வாய்க்காலை மூடிக் கட்டடம் கட்டியதும், ஆற்றில் இரவில் டிப்பர் போட்டு மணல் அள்ளியதும், காட்டை வெட்டியதும் அமெரிக்கா செய்த வேலை இல்லை. காலநிலை என்ற பெயருக்குப் பின்னால் யாரும் ஒளிய விடக் கூடாது. எங்கள் பங்கு இங்கேதான் இருக்கிறது: குளக்கட்டு, வடிகால், மணல், காடு. உலகத்திடம் இழப்பீடு கேட்கிற அதே வாயால் கனகராயன் ஆற்று மணலைப் பற்றியும் பேச வேண்டும்.

கடற்தொழிலுக்கு என்ன வழி?

முல்லைத்தீவில் இதைக் கேட்டவருக்கு நான் நல்ல பதில் சொல்லவில்லை. படகு எஞ்சினுக்கு எங்கள் வருமானத்துக்குள் மாற்று இன்னும் இல்லை. பற்றறி எஞ்சின் களப்புக்கும் கரைவலைப் பக்கத்துக்கும் போதும், ஆழத்துக்குப் போதாது. அதுவரை கடற்தொழிலாளருக்கு எண்ணெய் மானியம் கொடுக்கத்தான் வேண்டும். ஐஸ், வெளிச்சம், வலை காய்கிற கொட்டில் ஆகியவற்றுக்குச் சோலார் சரிவரும்.

கரண்ட் மோட்டார் சைக்கிள் வாங்கலாமா?

கிளிநொச்சி டவுனுக்குள் ஓடினால் வாங்கலாம். தினமும் முல்லைத்தீவு போய் வருகிற ஆள் கொஞ்சம் பொறுக்கலாம்.

தனியாகப் பூட்டக் காசில்லை. நாலு வீடு சேர்ந்து ஒரு பம்ப் போடலாமா?

போடலாம், நானே இரண்டு இடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒன்று ஓடுகிறது, ஒன்று சண்டையில் நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் பனலும் இல்லை, மோட்டாரும் இல்லை. யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஓடுகிற இடத்தில் முறை எழுதின தாள் தாங்கியிலேயே ஒட்டியிருக்கிறது, பழுதுக்கென்று போகத்துக்குப் போகம் ஒரு தொகை சேர்க்கிறார்கள்.

முதலில் உங்கள் கமக்காரர் அமைப்பில் பேசுங்கள், பிறகு கமநல சேவைகள் நிலையத்தில் மானியமோ கடனோ நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது ஒரு கொப்பி கொண்டு போங்கள். பங்குனியிலும் ஆவணியிலும் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, ஒரு போகத்தில் எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய் போனது, தாங்கி வைக்கிற இடம் கிணற்றிலிருந்து எத்தனை அடி உயரம். இந்த மூன்றும் இருந்தால் எந்த அளவுப் பம்ப் என்று அங்கேயே இருந்து கணக்குப் பார்க்கலாம், பெரியதை உங்கள் தலையில் கட்டவும் யாராலும் முடியாது.